உண்டென்று நிச்சயமில்லாமல் ஜெபிக்கலாமா?

விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எஞ்சினியரிங் கடைசி வருடம். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “அம்மா போன மார்ச்சில் புற்றுநோயில் இறந்துபோனார்கள். ஒன்றரை வருடம் சபையே ஜெபித்தது. மூத்த பையன் என்பதால் ராத்திரி குடும்ப ஜெபத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். கடவுள் உண்டா என்றே எனக்கு நிச்சயமில்லை. எங்கள் ஆயரிடம் சொன்னேன். எபிரெயர் 11:6-ஐக் காட்டி, ‘உண்டென்று விசுவாசிக்காமல் செய்வது ஜெபமே இல்லை, அதுதான் அஸ்திவாரம்’ என்றார். அப்படியென்றால் தினமும் எட்டு மணிக்கு நான் நடித்துக்கொண்டிருக்கிறேனா, ஐயா?”

தம்பி,

அம்மா இல்லாத வீட்டில் ராத்திரி எட்டு மணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாய் அதே இடத்தில்தான் விரிப்போம். ஒரு ஆள் உட்காருகிற இடம் மட்டும் சும்மா கிடக்கும். நான் ஆயர் இல்லை. தக்கலைப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் தமிழ் வாத்தியார். அதைவிடக் கூடுதல் காலம் ஞாயிறு பள்ளியிலும் வேதபாட வகுப்பிலும் கழிந்தது. ஆகவே பதிலில் இலக்கணம் கொஞ்சம் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆயர் சொன்னதில் தப்பில்லை. பாதியில் நிறுத்திவிட்டார், அதுதான் குறை. வசனம் இது: “விசுவாசமில்லாமல் தேவனுக்குப் பிரியமாயிருப்பது கூடாதகாரியம், ஏனென்றால், தேவனிடத்தில் சேருகிறவன் அவர் உண்டென்றும், அவர் தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவரென்றும் விசுவாசிக்கவேண்டும்.” இதை அவர் நுழைவுத் தேர்வு மாதிரி வாசித்திருக்கிறார். பாஸானால் உள்ளே, இல்லையென்றால் வாசலோடு சரி.

ஆனால் இந்த வசனம் தனியாக நிற்கவில்லை. முந்தின வசனம் ஏனோக்கைப் பற்றியது. ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து ஏனோக்கு என்ன விசுவாசித்தான் என்று தேடிப் பாருங்கள். ஒரு சொல் கிடைக்காது. தேவனோடே சஞ்சரித்தான், பிறகு காணப்படாமற்போனான் என்று மட்டும் இருக்கும். எபிரெயத்தில் ‘சஞ்சரித்தான்’ என்றிருப்பதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘பிரியமாயிருந்தான்’ என்று ஆக்கியது. நிருபத்தை எழுதியவர் பின்பற்றியது அந்தக் கிரேக்க வாசகத்தை. அதிலிருந்து அவர் யோசிக்கிறார்: இந்த மனுஷன் தேவனுக்குப் பிரியமாக நடந்திருக்கிறான். உண்டென்று நம்பாத ஒருவரோடு யாராவது கூட நடப்பார்களா? ஆகவே உண்டென்று விசுவாசித்திருக்க வேண்டும். கவனித்தீர்களா? நடை கண்ணுக்குத் தெரிந்தது. விசுவாசம் அந்த நடையிலிருந்து ஊகித்துச் சொல்லப்பட்டது.

அஸ்திவாரம் என்ற வார்த்தை இங்கே பொருத்தம்தான். எங்கள் ஊரில் வீட்டுக்குக் கடைக்கால் வெட்டுவதை ‘வானம் தோண்டுகிறது’ என்பார்கள். மேலே இருக்கிற வானமும் மண்ணுக்கடியில் போகிற வானமும் ஒரே சொல்லில் அடங்கியது எப்படி என்று சின்ன வயதில் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். வானம் தோண்டிக் கருங்கல் போட்டு மூடியபின் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சுவரில் விரிசல் விட்டால்தான் அந்தப் பேச்சே வரும். உங்கள் வீட்டுச் சுவரில் இப்போது விரிசல். கீழே கல் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

இதை வைத்து ‘நீ ஜெபிக்கிறாய், ஆகவே நீ விசுவாசிக்கிறாய், போ’ என்று முதுகில் தட்டி அனுப்பப் பார்க்கவில்லை. பழக்கத்திலும் ஜெபிக்கலாம். அப்பா வருத்தப்படுவாரே என்ற பயத்திலும் ஜெபிக்கலாம். நான் சொல்ல வருவது வேறு. அந்த வசனத்தில் ‘உண்டு’ என்பதற்கு என்ன பொருள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

குமரிக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் நின்று “சார் உண்டா?” என்று கேட்டேன். அந்தப் பெண் முழித்தாள். சார் இருக்கிறாரா என்று கேட்டிருக்க வேண்டுமாம். நமக்கு ‘உண்டா’ என்பது முற்றத்தில் நின்று வீட்டை நோக்கிக் கேட்கிற கேள்வி. “அக்கா உண்டா?” என்று குரல் கொடுக்கிறவன் அக்கா என்ற ஒருத்தி பிரபஞ்சத்தில் இருக்கிறாளா என்று ஆராயவில்லை. உள்ளே ஆள் இருந்தால் பதில் வரும் என்று நிற்கிறான். பூட்டுத் தொங்குகிற வீட்டில் யாரும் குரல் கொடுப்பதில்லை. அதே சமயம், உள்ளே ஆள் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவேன் என்றும் யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் கூப்பிடுகிறோம்.

கத்தோலிக்கர் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் ‘இருக்கிறார்’ என்று வரும். பொருள் ஒன்றுதான். என் காதுக்கு ‘உண்டு’ என்பதில் ஒரு வாசல் தெரிகிறது. அதற்கு முன்னால் உள்ள ‘சேருகிறவன்’ என்ற சொல்லும் அந்தப் பக்கமே இழுக்கிறது. அதே நிருபத்தில் 4:16-இல் “தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்” என்று வருகிறதே, கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வினை. பலிபீடத்தண்டை, சந்நிதியண்டை போகிறதைச் சொல்கிற வினை. ஆக, வசனம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ‘கடவுள் உண்டா இல்லையா’ என்று விவாதிக்கிறவனைப் பற்றியதல்ல. கிளம்பி வாசல்வரை வந்துவிட்டவனைப் பற்றியது.

இனி இலக்கணம். வேற்றுமை எட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எட்டாவது விளி, அதாவது ஒருவரைக் கூப்பிடுகிற வேற்றுமை. தொல்காப்பியர் அதற்கு ‘விளிமரபு’ என்று தனி இயலே ஒதுக்கினார். மற்ற வேற்றுமைகளில் ஒருவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். அவர் எதிரே இருக்க வேண்டியதில்லை, உயிரோடுகூட இருக்க வேண்டியதில்லை. விளிக்குத்தான் எதிரே ஆள் வேண்டும். ‘கவிஞர்கள் நிலாவையும் கிளியையும் தங்கள் நெஞ்சையும் கூப்பிடவில்லையா’ என்று கேட்பீர்கள். நன்னூலார் அதற்கும் இடம் வைத்திருக்கிறார்: “கேட்குந போலவும் கிளக்குந போலவும்” அஃறிணைப் பொருள்களிடம் பேசலாம். கேட்பவை ‘போல’. கிறிஸ்தவ ஜெபத்துக்கும் கவிதைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தப் ‘போலவும்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஜெபத்தில் ‘போல’ கிடையாது. கேட்கிறவர் இல்லை என்று உறுதியாக முடிவு கட்டிவிட்டு “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று சொன்னால், அது நிலாவை அழைக்கிற பாட்டாகிவிடும். மனம் லேசாகலாம், மூச்சு சீராகலாம், தூக்கம்கூட வரலாம். கெட்டதில்லை. ஆனால் அதற்குப் பெயர் வேறு. உங்கள் ஆயர் சொன்னது இந்த அளவில் முழுக்கச் சரி.

ஆராதனையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விசுவாசப்பிரமாணத்தில் “சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்” என்கிறோம். ‘தேவனை’, இரண்டாம் வேற்றுமை. அவரைப் பற்றிப் பேசுகிறோம். ஜெபத்துக்கு வரும்போது ‘பிதாவே’, எட்டாம் வேற்றுமை. படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு வந்துவிட்டோம். 23-ஆம் சங்கீதத்திலும் இதுதான். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்”, “அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து” என்று மூன்று வசனம் ‘அவர்’, ‘அவர்’ என்றே போகும். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று திரும்பிவிடும். புல்வெளியில் அவரைப் பற்றிப் பேசினான். இருட்டில் அவரிடமே பேசினான். எத்தனையோ வருடம் இதை ஒப்பித்தும், நாற்பது வயதுக்குமேல்தான் எனக்கு இது கண்ணில் பட்டது.

சந்தேகத்துக்கு வருவோம். சந்தேகமும் மறுப்பும் ஒன்றல்ல. மறுப்பு என்பது வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற முடிவு. சந்தேகம் என்பது இத்தனை முறை கூப்பிட்டும் பதில் வரவில்லையே என்ற திகைப்பு. நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது திகைப்புதான். மாற்கு 9-இல் அசுத்த ஆவி பிடித்த பையனைக் கொண்டுவந்த தகப்பன் என்ன சொன்னார்? “நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்” என்றார். ‘கூடுமானால்’ என்று ஆரம்பிக்கிற ஜெபம் அது. பிறகு கண்ணீரோடே சத்தமிட்டு, “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்றார். ஒரே வாக்கியத்தில் விசுவாசமும் அவிசுவாசமும். இயேசு அவரை ‘முதலில் தெளிந்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பவில்லை. பையன் சுகமானான். என்னைக் கேட்டால் எபிரெயர் 11:6-ஐ வாசிக்கிற எவரும் பக்கத்திலேயே இந்த மாற்கு 9:24-ஐயும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நடிப்பா என்று கேட்டீர்கள். மத்தேயு 6-இல் இயேசு மாயக்காரர் என்று சொன்னது யாரை? உள்ளே சந்தேகம் வைத்திருந்தவர்களை அல்ல. மனுஷர் காணும்படி ஜெப ஆலயங்களிலும் வீதிகளின் சந்திகளிலும் நின்று ஜெபம்பண்ணினவர்களை. அவர்களில் பலருக்கு தேவன் உண்டென்பதில் ஒரு துளி சந்தேகமும் இருந்திருக்காது! ஜெபம் யாருடைய காதுக்குப் போகிறது என்பதுதான் அவர்கள் கோளாறு. ஆகவே ‘எனக்கு எத்தனை சதவீதம் நிச்சயம்’ என்று உங்களை அளக்காதீர்கள். எட்டு மணிக்கு நீங்கள் பேசுகிறது யாரிடம்? அப்பா காதுக்கும் தங்கச்சி காதுக்கும் மட்டும்தான் என்றால், ஆமாம், அது அந்தக் கணக்கில் சேரும். ‘நீர் இருக்கிறீரா என்றே தெரியவில்லை’ என்று அவரிடமே சொல்ல முடிந்தால், சேராது.

கடவுள் உண்டென்பதற்கு நிரூபணம் தேடிப் படிக்கலாமா? படியுங்கள். பதிமூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் ஐந்து வழிகள் எழுதினார். சுவாரசியமான விஷயம், தேவன் உண்டென்பதை அவர் விசுவாசத்தின் சரத்துகளில் ஒன்றாக வைக்கவில்லை, அவற்றுக்கு முன்னுரையாகத்தான் வைத்தார். புத்தியாலேயே அங்கே போய்ச் சேரலாம் என்பது அவர் கட்சி. எனக்கு அந்த வாதங்கள் பிடிக்கும். ஆனால் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும்போது அவை ஞாபகத்துக்கு வந்ததே இல்லை. பிரசங்கிமார் சொல்கிற ‘காற்றைப் பார்க்க முடியுமா, அப்படித்தான் கடவுளும்’ என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முப்பந்தல் காற்றாலைகளில் காற்றுக்கு மீட்டரே ஓடுகிறது. அதை உங்களைப் போன்ற எஞ்சினியரிங் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்புதான் வரும். யோவான் 3-இல் காற்று வருவது ஆவியினால் பிறந்தவனைப் பற்றிப் பேசும்போது. கடவுளை நிரூபிக்க அல்ல.

அழுத்தத்துக்கு அலகாகப் பாஸ்கல் என்று எழுதுகிறீர்களே, அந்தப் பாஸ்கல் 1654 நவம்பர் 23 ராத்திரி தனக்கு நேர்ந்த ஒரு அனுபவத்தைக் காகிதத்தில் குறித்துச் சட்டைக்குள் தைத்து வைத்திருந்தார். 1662-இல் இறந்தபின்தான் அது கண்டெடுக்கப்பட்டது. ‘ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவ ஞானிகளுடைய தேவன் அல்ல’ என்று அதில் எழுதியிருக்கிறது. கணக்கில் அத்தனை புத்தி உள்ள மனிதர்.

அம்மாவுக்கு வருகிறேன். இதைத்தான் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை. ஆடுமாடும் பயிரும் நஷ்டப்பட்டு மனம் ஒடிந்திருந்தபோது, 1741 குளச்சல் போருக்குப்பின் ராஜாவின் படையில் சேர்ந்திருந்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு ஆறுதல் சொன்னார் என்பது வழிவழியாக வருகிற வரலாறு. டிலனாய் எடுத்த கதை யோபுவின் கதை. அதன் பிறகு 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். தேவசகாயம் என்று பெயர். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நான் கத்தோலிக்கன் இல்லை, சி.எஸ்.ஐ.க்காரன், ஆனாலும் குமரியில் பிறந்த எவனுக்கும் அவர் சொந்தம்தான்.

நான் யோசிப்பது இது. நீலகண்ட பிள்ளைக்குத் தெய்வம் உண்டு என்பதில் பிரச்சினை இருந்ததாகத் தெரியவில்லை. கோவில் காரியங்களில் ஈடுபட்ட குடும்பம். அந்த நஷ்டத்தின் நடுவில் அவருக்குக் கிடைத்தது ஒரு வாதம் அல்ல, கடவுளிடம் நேருக்கு நேர் சண்டை போடுகிற ஒரு மனுஷனின் கதை. யோபுவின் சிநேகிதர் மூவரும் கடவுளைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள், அத்தனையும் படர்க்கை. புத்தகம் முழுக்கத் தேடினாலும் அவர்களில் ஒருவன்கூடத் தேவனை நோக்கி ஒரு வார்த்தை பேசுவதில்லை. யோபு ஒருவன்தான் திரும்பித் திரும்பி ‘நீர்’ என்கிறான். ஏன் என்னை விடமாட்டேன் என்கிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்கிறான். கடைசியில் 42-ஆம் அதிகாரத்தில் தேவன் கோபப்படுவது யார்மேல்? அழகாகப் பேசின சிநேகிதர்மேல். யோபுதான் நிதானமாய்ப் பேசினான் என்று தீர்ப்பு.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறியபின் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். நாங்கள் சிலர் அரிசியும் போர்வையும் கொண்டுபோனோம். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் அங்கே இருந்தார். ஜெபிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். ராத்திரியில் எல்லாரும் படுத்தபின் வராந்தாவில் உட்கார்ந்து, “உமக்குக் கண்ணில்லையா, காதில்லையா, ஒண்ணையாவது விட்டிருக்கப்படாதா” என்று சத்தம் போடுவார். எங்களோடு வந்த ஒருவர், ‘அப்படிச் சொல்லக்கூடாதும்மா’ என்று அடக்கப் போனார். நான் தடுத்தேன். என் ஆயுளில் செய்த நல்ல காரியங்களை எண்ணினால் அது ஒன்று. “ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?” என்று 44-ஆம் சங்கீதம் கேட்கவில்லையா? அந்த முகாமில் அந்த வாரம் நடந்த ஜெபங்களிலேயே அவருடையதுதான் அஸ்திவாரம் கெட்டியானது என்று இன்றும் நினைக்கிறேன். இல்லாத ஒருவர்மேல் யாரும் அப்படிக் கோபப்பட மாட்டார்கள்.

“சபையே ஜெபித்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது வந்து, ‘விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான்’ என்று சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கெத்செமனேயில் “எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்” என்று கேட்டவருக்கா விசுவாசம் பத்தாமல் போனது? பாத்திரம் நீங்கவில்லை. எபிரெயர் 11:6-இன் பின்பாதி, “பலன் அளிக்கிறவர்” என்பதை இப்போது போஸ்டர் அடித்துச் சுகத்துக்கும் விசாவுக்கும் கடன் தீர்வதற்கும் பயன்படுத்துகிறார்கள். அதே அதிகாரம் ஆபேலில் தொடங்குகிறது; விசுவாசத்தினாலே பலியிட்டான், அடுத்துக் கொலையானான். முடிவில் வாளால் அறுப்புண்டவர்கள் வருகிறார்கள், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்ற வரியும் வருகிறது. ‘பலன்’ என்பது கேட்டது கிடைப்பது என்றால் அந்த அதிகாரத்தையே கிழித்துவிட வேண்டும். “தம்மைத் தேடுகிறவர்களுக்கு” என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். தேடப்படுவது அவர்.

அந்தப் பின்பாதி இல்லாமலும் ஜெபம் நிலைக்காது. ‘உண்டு’ என்பது மட்டும் போதுமென்றால் யாக்கோபு 2:19-இல் பிசாசுகளுக்கும் அது இருக்கிறது. விசுவாசித்து நடுங்குகின்றன, ஜெபிப்பதில்லை. உண்டு, ஆனால் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று நம்புகிறவனும் ஜெபிக்க மாட்டான். உங்கள் விரிசல் இந்த இரண்டாவது கல்லில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உண்டா’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘கேட்டாரா’ என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி. நான் தப்பாகவும் இருக்கலாம். அம்மா போனது மார்ச்சில்தானே, நிதானமாகப் பாருங்கள்.

ராத்திரி ஜெபத்துக்கு ஒரு யோசனை. கொஞ்ச நாளைக்குச் சொந்த வார்த்தையில் நீளமாக ஜெபிக்காதீர்கள். நம் சபைகளில் மடமடவென்று ஜெபிக்கிறவனுக்குத்தான் மதிப்பு. வறட்சிக் காலத்தில் அது ஆளைக் கொல்லும். இந்த விஷயத்தில் செபமாலை சொல்கிறவர்கள் பாடு லேசு, வாய்க்கு வார்த்தை தயாராக இருக்கிறது. நீங்கள் சங்கீதத்தை எடுங்கள், பரமண்டல ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், போதும். உங்கள் பங்குக்குத் தனியாக ஏதாவது சொல்லத்தான் வேண்டுமென்றால் மாற்கு 9-இல் வருகிற அந்தத் தகப்பனின் ஒரு வரி இருக்கிறது. அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள், ‘எனக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது’ என்று. அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அம்மா வழக்கமாக எந்தச் சங்கீதம் வாசிப்பார்கள் என்று தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள். அதையே எடுங்கள். 23 என்றால், நாலாம் வசனத்தில் ‘அவர்’ போய் ‘தேவரீர்’ வருகிற இடத்தில் உங்களுக்குக் குரல் எழும்பாமல் போகலாம். போகட்டும். மிச்சத்தை அப்பா வாசித்துக்கொள்வார்.